18+ கேம் ஏன் முடிவதே இல்லை? சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மொட்டைமாடி அறையில் நான், ஏற்காட்டில் கேமுக்குப் படம் செய்கிற நண்பர், கோயம்புத்தூரில் ஒலி பார்க்கிற ஒருவர். மூன்று பேர் சேர்ந்து பெரியவர்களுக்கான விஷுவல் நாவல் ஒன்றைச் செய்தோம், அதாவது படமும் வசனமுமாகக் கதை சொல்லும் கேம். ஒன்பது மாதத்தில் முடிப்பதாக ஆரம்பித்தது முப்பத்தொரு மாதம் இழுத்தது. அதை நாலு பேரிடம் சொல்லப்போய், இப்போது இதே வேலையில் இருக்கிற தம்பி தங்கைகள் வாட்ஸப்பிலும் அஞ்சு ரோட்டு டீக்கடையிலும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணா, 18+ கேம்னா "அந்த மாதிரி" கேமா?

சிலது அந்த மாதிரிதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரிசைக்குள் வேறு கதைகளும் இருக்கின்றன. எங்கள் கதையில் விவாகரத்து ஆகி ஏற்காட்டுக்குத் திரும்பும் முப்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, அவள் அப்பா கடனோடு விட்டுப்போன ஒரு விடுதி, மறுபடி எதிர்ப்படும் பழைய காதலன். குடி உண்டு, படுக்கை உண்டு, கதவு சாத்தியதும் காட்சி முடிந்துவிடும். அதற்கு மேல் காட்டுகிறவர்களும் பயன்படுத்துவது பெரும்பாலும் நாங்கள் விஷுவல் நாவல் செய்யப் பயன்படுத்திய இதே ரென்பை மென்பொருள்தான், அவர்களுக்கும் ரசிகர்கள் கட்டும் மாதச் சந்தாதான், தாமதமும் இதே தாமதம்தான். கீழே சொல்வது இரண்டு தரப்புக்கும் பொருந்தும்.

ஃபீச்சர் க்ரீப், ஃபீச்சர் க்ரீப்ங்கிறீங்களே, அப்படின்னா என்னங்க?

இவ்வளவுதான் செய்யப் போகிறோம் என்று பேசி முடித்த வேலைக்கு மேல், ஒவ்வொன்றாக அம்சங்கள் வந்து ஒட்டிக்கொள்வது. எதுவும் பெரிதாகத் தெரியாது, அதில்தான் ஆபத்து. தட்டுவடை செட் கடையில் "அண்ணா, கொஞ்சம் மாங்காய் தூவுங்க, அப்படியே ஒரு முறுக்கு நொறுக்கிப் போடுங்க" என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் தட்டுவடையைக் காணோம் என்கிற நிலை வருமே, அதேதான். ஆரம்பத்திலேயே பெரிய கேம் என்று முடிவெடுத்துச் செய்தால் அது க்ரீப் இல்லை, துணிச்சல்.

எங்களுக்கு ஒட்டிக்கொண்டவை: கதாநாயகியின் கைப்பேசித் திரை, அவளுக்கு உடை மாற்றும் வசதி, பகல் இரவு மாறும் வரைபடம், பழைய காட்சிகளைத் திரும்பப் பார்க்க ஒரு பக்கம், அப்புறம் ஏற்காடு ஏரியில் படகு ஓட்டும் ஒரு குட்டி விளையாட்டு. அந்தப் படகைப் பற்றித் தனியாகவே அழ வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சின்ன அம்சம்தானே, ரெண்டு நாள் வேலை. அதுல என்ன வந்துடப் போகுது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஒரு அம்சத்தைச் செய்து முடிக்க ஆகும் நாள் அதன் விலையில் சிறு பங்கு. அதற்குப் பிறகு எழுதுகிற ஒவ்வொரு காட்சியும் அதற்கு வட்டி கட்டும்.

உடை மாற்றும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று உடைகள், தேர்ந்தெடுக்க ஒரு பட்டன், நிஜமாகவே இரண்டு நாளில் நான் எழுதிவிட்டேன். ஆனால் அவள் வருகிற படங்கள் 300. நண்பரின் கணினியில் ஒரு படம் ரெண்டர் ஆக, அதாவது கணினி அதை உருவாக்கி முடிக்க, ஏறத்தாழ 25 நிமிடம், ஆக மொத்தம் 125 மணி நேரம். உடை மூன்றானதும் அது 900 படம், 375 மணி நேரம். மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும், பாதியில் நின்ற படத்தை முதலிலிருந்து போட வேண்டும். என் இரண்டு நாள் குஷிக்கு அவர் இரண்டு மாதம் தூங்கவில்லை.

கைப்பேசித் திரையும் அப்படித்தான். அது வந்த பிறகு எந்தக் காட்சியை எழுதினாலும் "இந்நேரம் அவள் போனில் என்ன மெசேஜ் வந்திருக்கும்" என்ற கேள்வி வந்து நிற்கும். விடுதி வாசலில் இருவரும் நேருக்கு நேர் சண்டை போடுகிறார்கள், அந்த நேரத்திலும் ஆடுபவர் போனைத் திறக்கலாம், அதில் நேற்றைய "குட் நைட்" இருந்தால் காட்சி செத்தது. அதனால் யாராவது "ரெண்டு நாள்" என்றால் நான் கேட்பது இது: இனிமேல் எழுதப்போகும் எத்தனை காட்சிகளில் இது தலையைக் காட்டும்?

மத்த கேமை விட 18+ கேம்லதான் இது ஜாஸ்தியா தெரியுது. ஏன்?

காசு வருகிற வழி அப்படி. ரசிகர்கள் மாதச் சந்தா கட்டும் பேட்ரியான் தளம் 2013இல் ஆரம்பித்தது. கணினி கேம் விற்கும் ஸ்டீம் கடை முழு வயது வந்தோர் கேம்களுக்கு வெளிப்படையாகக் கதவைத் திறந்ததோ 2018இல்தான். இடைப்பட்ட காலத்தில் இந்தத் துறை மாதச் சந்தாவில் வளர்ந்து பழகிவிட்டது. ஒரு முறை விற்று முடிக்கிற கேம் என்றால் முடித்தால்தான் காசு. மாதச் சந்தாவில் முடித்தால் காசு நின்றுவிடும். யாரும் ஏமாற்ற வேண்டும் என்று நினைப்பதில்லை, நல்ல மனிதர்கள்தான், ஆனால் முடிவு நெருங்க நெருங்கப் புதிதாக ஒரு கதாபாத்திரம் தோன்றிவிடும். பதிப்பு எண்ணைப் பார்த்தாலே தெரியும்: 0.8, 0.9, 0.9.5, 0.9.9... முழுக் கேம் என்று பொருள்படும் 1.0 மட்டும் வராது.

இன்னொன்று, இந்த வகைக் கேம்களில் ஆளுக்கொரு ருசி. ஒருவருக்குக் காதல் வேண்டும், இன்னொருவருக்குப் பழிவாங்கல், மூன்றாமவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதை. பணம் கட்டுகிறவர் கேட்கும்போது "முடியாது" என்று சொல்லத் தனியாக ஒரு மேனேஜர் கிடையாது. கேட்பது, எழுதுவது, மறுப்பது எல்லாம் நீங்களே, அதுவும் இரவு பதினொரு மணிக்கு.

ஓட்டெடுப்பு வெச்சா ஆளுங்க குஷியாகுறாங்க. வைக்கலாமா வேண்டாமா?

வைக்கலாம், எப்படியும் செய்யப்போகிற வேலைக்குள் மட்டும். "அடுத்த அத்தியாயம் லேடீஸ் சீட் பாறையிலா, காபித் தோட்டத்திலா?" என்று கேளுங்கள், இரண்டில் எது வந்தாலும் ஒரு பின்னணிப் படம்தான். "அடுத்து என்ன சேர்க்கலாம்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். படகு அப்படிக் கேட்டதில் வந்து ஏறியதுதான்.

திட்டம்னு எதை எழுதணும்? எனக்கு எக்ஸெல் எல்லாம் வராதுங்க.

எனக்கும் வராது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் நண்பர் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதினோம். இதை ஆரம்பத்திலேயே செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நாங்கள் செய்தது பதினெட்டாவது மாதத்தில். முதலில் கடைசிக் காட்சியை எழுதினோம், சுருக்கம் எல்லாம் இல்லை, வசனத்தோடு முழுசாக. அப்புறம் அந்த இடத்துக்குப் போய்ச் சேர என்னென்ன நடந்தே ஆக வேண்டும் என்று பின்னோக்கி வந்தோம். ஐம்பத்திரண்டு காட்சி யோசித்து வைத்திருந்ததில் முப்பத்தொன்று போதும் என்று தெரிந்தது.

நோட்டில் இருந்த எண்கள்: காட்சி எத்தனை, படம் எத்தனை, பேசுகிற கதாபாத்திரம் எத்தனை பேர், முடிவு எத்தனை. கடைசிப் பக்கத்தில் "இந்தக் கேமில் இல்லாதவை" என்று ஒரு பட்டியல். எண்களை விட அந்தப் பட்டியல்தான் எங்களைக் காப்பாற்றியது. புது யோசனை வந்தால் "பிறகு" என்று மேலே எழுதிய இன்னொரு நோட்டில் போய் விழும். யோசனையைக் கொல்ல மனசு வராது, எழுதி வைத்தால் அது அடங்கிவிடும்.

என் மாமா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறார். ஆர்டர் எடுத்து வேலை ஆரம்பித்த பிறகு யாராவது "இன்னும் ரெண்டு சலங்கை வைங்களேன்" என்றால் அவர் முகம் கோணாமல் சொல்வார்: "வைக்கலாங்க, எடை மாறும், கூலி மாறும், தேதியும் மாறும். எழுதிக்கலாமா?" பாதிப் பேர் அங்கேயே வேண்டாம் என்றுவிடுவார்கள். நான் படித்த திட்ட மேலாண்மை அவ்வளவுதான்.

இப்படிக் கறாரா திட்டம் போட்டா கற்பனையே செத்துடாதா?

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறதே, அதைத் தாண்டும்போது யோசித்துப் பாருங்கள். அந்த சினிமா ஸ்டூடியோவை நிறுவிய டி. ஆர். சுந்தரம் கண்டிப்புக்குப் பேர் போனவர், அந்த ஸ்டூடியோ நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. தேதிக்குள் வேலை செய்ததால் அங்கே யாருக்கும் கற்பனை வற்றிப்போனதாகத் தெரியவில்லை.

கிளைக் கதைன்னா கண்டிப்பா பெருசாகத்தானே செய்யும்?

பிரித்துக்கொண்டே போனால் ஆகும். இரண்டு இரண்டாகப் பிரிகிற தேர்வு பத்து வைத்தால் 1,024 பாதைகள், எந்த மூன்று பேராலும் அதை எழுத முடியாது. அதனால் எல்லாரும் செய்வது, பிரித்துவிட்டு இரண்டு காட்சிக்குள் மறுபடி ஒன்று சேர்த்துவிடுவது. தேர்வு செய்ததை மட்டும் கேம் நினைவில் வைத்திருக்கும், அப்புறம் எங்கேயாவது ஒரு வசனத்தில் அது எட்டிப் பார்க்கும்.

எங்கள் கதையில் அவள் அப்பாவின் பழைய ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளலாம், அல்லது அலமாரியிலேயே விட்டுவிடலாம். எதைச் செய்தாலும் அடுத்த காட்சி அதேதான். ஆறு காட்சி கழித்து, பனி இறங்கும் நேரத்தில், பழைய காதலன் "குளிரலையா?" என்பான். எடுத்திருந்தால் "அப்பாவோடது" என்பாள், இல்லாவிட்டால் பதில் சொல்லாமல் கையைக் கட்டிக்கொள்வாள். இரண்டு வரி வித்தியாசம். எங்களுக்கு அதிகமாக மெயில் வந்தது அந்த இரண்டு வரிக்குத்தான், உடை மாற்றும் வசதியைப் பற்றி ஒருவர் கூட எழுதவில்லை.

ஒரு மாசத்துல எவ்வளவு வேலை ஆகும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

மனக்கணக்கு வேண்டாம், அது எப்போதும் பாதியாகத்தான் வரும். ஏதாவது ஒரு சுமாரான காட்சியை எடுத்து, எழுத்து, படம், ஒலி, பிழை திருத்தம் என்று ஆடிப் பார்க்கிற நிலைக்குக் கொண்டுவந்து, எத்தனை நாள் ஆனது என்று குறியுங்கள். அதை மிச்சக் காட்சிகளால் பெருக்குங்கள். வருகிற எண்ணைப் பார்த்து வயிறு கலங்கினால் காட்சியைக் குறையுங்கள், நாளைக் குறைக்காதீர்கள்.

ரென்பையில் "லின்ட்" என்று ஒரு சோதனை இருக்கிறது. இல்லாத படத்தைக் கூப்பிட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும், கடைசியில் மொத்தம் எத்தனை வசனம், எத்தனை சொல் என்றும் சொல்லும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த எண்ணை நோட்டில் எழுதினோம். நிறைய வேலை செய்த மாதிரி தோன்றிய ஒரு வாரம் முழுக்க எண் அசையவே இல்லை. மெனுவின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாதி வேலை ஆயிடுச்சு, ஆனா வேற இன்ஜின் நல்லாருக்குங்கிறாங்க. மாறலாமா?

வேண்டாம். இன்ஜின் என்பது கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள், நமக்கு ரென்பை மாதிரி. ட்யூக் நியூகம் ஃபாரெவர் என்ற கேமை 1997இல் அறிவித்தார்கள், நடுவில் இன்ஜினை மாற்றினார்கள், வெளியே வந்தது 2011இல். அவர்களிடம் காசாவது இருந்தது.

ரெண்டு பேரைக் கூடச் சேர்த்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடாதா?

தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி வல்லுநர் ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். காரணம் எளிது. புது ஆளுக்குக் கதையைச் சொல்லிக் கொடுக்க, வேலை தெரிந்த ஆள் தன் வேலையை நிறுத்த வேண்டும். மூன்று பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய ஜோடி மூன்று, ஆறு பேர் என்றால் பதினைந்து. நாங்கள் இன்னொரு ஓவியரைச் சேர்த்தோம், திறமைசாலி, ஆனால் அவர் வரைந்த கதாநாயகிக்கு மூக்கு வேறு மாதிரி இருந்தது. அதைச் சரிசெய்ய ஆன ஐந்து வாரத்தில் நண்பரே அத்தனை படத்தையும் போட்டிருப்பார்.

தனியாகப் பிரித்துக் கொடுக்க முடிகிற வேலைக்கு மட்டும் ஆள் சேருங்கள். பின்னணி இசை, எழுத்துப்பிழை பார்ப்பது, ஆடிப் பார்ப்பது, இந்த மாதிரி.

அப்டேட் விட்டா பழைய சேவ் எல்லாம் போயிடுச்சுன்னு திட்டுறாங்க ணா. இதுக்கும் க்ரீப்புக்கும் சம்பந்தம் இருக்கா?

நேரடிச் சம்பந்தம். கைப்பேசித் திரையைச் சேர்த்த அன்று "படிக்காத மெசேஜ் எத்தனை" என்று ஒரு மாறி, அதாவது கேம் நினைவில் வைக்கும் ஒரு எண், புதிதாக வந்தது. அதைக் கேமின் ஆரம்பத்தில், புது ஆட்டம் தொடங்கும் இடத்தில் எழுதி வைத்தேன். ஏற்கெனவே பாதி ஆடிச் சேமித்தவர்கள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டவர்கள், அவர்கள் சேவ் கோப்பைத் திறந்ததும் அந்த மாறியே இல்லை, பிழைத் திரை. ரென்பையில் மாறிகளை "டீஃபால்ட்" என்ற கட்டளையில் அறிவித்தால், பழைய சேவ் கோப்பைத் திறக்கும்போது இல்லாததை அதுவே நிரப்பிக்கொள்ளும். இது எனக்குத் தெரிய அறுபது பேர் திட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு புது அம்சமும் பழைய சேவ்களோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கிற வேலையும், மேலே சொன்ன வட்டியில் ஒரு பங்குதான்.

முதல்ல இங்கிலீஷ்ல பண்ணிட்டு அப்புறமா தமிழ்ல போட்டுக்கலாம்னு இருக்கேன். சரிங்களா?

சரி, ஆனால் அதையும் ஒரு அம்சமாகக் கணக்கில் எழுதுங்கள். தமிழ் எழுத்துருவை நீங்களே சேர்க்க வேண்டும். பழைய ரென்பை பதிப்புகளில் "கொ", "கை" எல்லாம் கொம்பு ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும், 8 வரிசையில் எழுத்தைச் சேர்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற கருவி வந்த பிறகு ஒழுங்காக வருகிறது. தமிழ் வரி நீளமாக இருப்பதால் வசனப் பெட்டியை விட்டு வெளியே வழியும், அதை ஒவ்வொன்றாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே பெருசாயிடுச்சுங்க. இப்ப எதை வெட்டுறது?

கடைசிக் காட்சியை எழுதிவிட்டீர்களா? இல்லையென்றால் திட்டம் பற்றிய பதிலுக்குப் போய்விட்டு வாருங்கள். எழுதிவிட்டீர்கள் என்றால் ஒவ்வொரு அம்சத்தையும் பிடித்து, இது இல்லாவிட்டால் அந்தக் கடைசிக் காட்சியில் ஏதாவது உடைகிறதா என்று பாருங்கள்.

படகுக்கு வருகிறேன். துடுப்பை இடமும் வலமுமாகத் தட்டித் தட்டி அக்கரை சேர வேண்டும், நடுவில் காற்று வரும், நேரம் ஓடும். ஏழு வாரம் செய்தோம். தண்ணீர் அலை அசைவதற்கு மட்டும் ஒன்பது நாள். ஏரியில் மோட்டார் இல்லாத படகு எப்படித் திரும்புகிறது என்று பார்க்க நானும் நண்பரும் டிக்கெட் எடுத்து ஓட்டிக் கைப்பேசியில் படம் பிடித்தோம். ஆடிப் பார்க்கக் கொடுத்த எட்டுப் பேரில் ஆறு பேர் முதல் அரை நிமிடத்தில் "தவிர்" பட்டனைத் தட்டினார்கள். மீதி இருவரில் ஒருவர் என் தம்பி. வெட்டிய அன்று நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை, சாயங்காலம் "அலை மட்டும் நல்லா வந்துச்சுல்ல" என்றார்.

ஏழு வாரம் போட்டோமே என்பது அதை வைத்துக்கொள்ளக் காரணம் ஆகாது. வைத்திருந்தால் எட்டாவது வாரமும் அதற்கே போயிருக்கும். வெட்டுவதை அழிக்காதீர்கள், தனிக் கோப்புறையில் போட்டு வையுங்கள், கை நடுங்காமல் வெட்ட அது உதவும்.

காசு கட்டினவங்க கேட்ட அம்சத்தை வெட்டினா கோச்சுக்க மாட்டாங்களா?

கோபிப்பார்கள், சிலர் போவார்கள். எங்களுக்கு அந்த மாதம் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போனது. வெட்டியதை மறைக்காமல், எதை, ஏன், அதனால் எந்த மாதம் முடியும் என்று ஒரே பதிவில் சொன்னோம். தேதி சொன்னதும் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். முடிந்த பிறகு சந்தா நின்றுவிடுமே என்ற பயம் நியாயமானது, அதற்கு அடுத்த கேமின் முதல் காட்சியைத் தயாராக வைத்திருங்கள். இருக்கிற கேமை நீட்டிக்காதீர்கள்.

சட்டப்படி இதெல்லாம் சரியா? போலீஸ் கேஸ் ஆகுமா?

நான் வக்கீல் இல்லை, ஆனால் இதைப் படிக்காமல் ஆரம்பிக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில், பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டுவதை மின்னணு வடிவில் வெளியிட்டால் முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். "வெளிநாட்டுக்காரனுக்குத்தானே விற்கிறேன்" என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் வக்கீலைப் பாருங்கள். குழந்தைகளைப் பாலியலாகக் காட்டுவது 67பி, அதில் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் நோட்டின் "இல்லாதவை" பட்டியலில் முதல் வரி, எல்லாக் கதாபாத்திரமும் வயது வந்தவர்கள், இரண்டாவது வரி, கதவு சாத்தினால் காட்சி முடியும். யார் எவ்வளவு கட்டினாலும் அந்த இரண்டும் ஓட்டெடுப்புக்கு வராது.

கடைகளையும் நம்பி இருக்க முடியாது. 2025 ஜூலையில், பணம் செலுத்தும் நிறுவனங்கள் தரப்பிலிருந்து வந்த அழுத்தத்தில், ஸ்டீம் பல வயது வந்தோர் கேம்களை நீக்கியது, இட்ச் என்ற இன்னொரு கேம் கடை தன் தேடலிலிருந்து அந்த வகையையே எடுத்தது. பாதி முடிந்த கேமை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டலாம் என்றிருந்தவர்களுக்குத்தான் அடி பலம்.

கடைசியா ஒண்ணு, உங்க கேம்ல படகு இருக்கா இல்லையா?

இருக்கிறது. பதினான்காவது காட்சியின் பின்னணிப் படத்தில், ஏரிக்கரையில் கட்டிப் போட்டிருக்கும். அலை மட்டும் மெல்ல அசையும், ஏற முடியாது. போன வாரம் ஒருவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இதில் ஏறிப் போகிற மாதிரி வைக்கலாமே, ரெண்டு நாள் வேலைதானே" என்று எழுதியிருந்தார். "பிறகு" நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.